வரலாறும் மொழியும் இணைந்த கல்வி: நாஞ்சில் மண்ணின் தேவை

நம் இல்லத்து மரப்பெட்டியில் பச்சைத் துணியில் பொதிந்த கையெழுத்துப் புத்தகம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. அரபு எழுத்துகளால் எழுதப்பட்டிருந்தமையால் அதனை மார்க்க நூல் என்றே வீட்டார் கருதினர். ஒளு இன்றி அதனைத் தொட்டவர் இலர். சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கரையான் அரிக்கத் தொடங்கியபோதுதான் அதனை விரித்துப் பார்த்தோம். வட மாவட்டத்திலிருந்து வந்து மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் அவர்கள் எழுத்துகளைக் கூட்டி ஒலித்தார். ஆனால் பல சொற்களுக்குப் பொருள் அவருக்குப் புலப்படவில்லை. அருகிருந்த நமக்கோ எழுத்துத் தெரியாது. எனினும் காதில் விழுந்த சொற்கள் விளங்கின. அவை கோட்டை, மரக்கால், சக்கரம் என்னும் நம் நாட்டு வழக்குச் சொற்கள். மார்க்க நூல் என்று போற்றப்பட்டது, நெல் கடன் கணக்கும் பிள்ளைப்பேற்று மருந்துக் குறிப்பும் அடங்கிய அரபுத்தமிழ் ஏடு!

ஓரிடத்தில் 1075 என்னும் எண் காணப்பட்டது. அதனை ஹிஜ்ரி ஆண்டெனக் கொண்டு, ஏடு முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது என்று நாம் மகிழ்ந்தோம். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், அருகே மேடம், கன்னி என மாதப் பெயர்கள் இருத்தலைச் சுட்டி, அது கொல்லம் ஆண்டு என்றும், கி.பி. 1899-1900க்கு இணையானது என்றும் விளக்கினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிழை ஒரு நொடியில் நீங்கிற்று.

ஓர் எளிய கணக்கேட்டைப் படிக்க மூவர் தேவைப்பட்டோம். எழுத்து ஒருவரிடம், மொழி ஒருவரிடம், காலம் ஒருவரிடம். நம் கல்லூரிகளும் இம்மூன்றையும் மூன்று அறைகளில் வைத்தே கற்பிக்கின்றன. வரலாறும் மொழிகளும் ஒரே மாணவனிடத்தில் ஒருங்கே சேர வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விழைவதாகும்.

இத்தேவை எங்கும் உளது எனினும், கன்னியாகுமரி மாவட்டத்திற்கு இன்றியமையாதது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை இந்நிலம் திருவிதாங்கூருக்கும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திற்கும் உட்பட்டிருந்தது. ஆகவே நம் முன்னோரின் நில ஆவணங்களுள் பல மலையாளத்தில் உள்ளன. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகள் நாஞ்சில் நாட்டு வாழ்வைத் தமிழில் பேசுகின்றன. அதற்கும் முற்பட்ட செய்திகள் வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. 1741இல் நிகழ்ந்த குளச்சல் போரை எழுதப் புகுவோர் டச்சுக் கும்பினியாரின் ஆவணங்களை ஒதுக்க இயலாது. அப்போரில் தோற்றுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது; அதன் மீது இலத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டையைக் காணச் செல்லும் நம் மாணவருள் அவ்விரண்டையும் படிக்க வல்லார் எத்துணையர்?

மொழியறிவின்றி வரலாறு இடறும் என்பதற்குக் காந்தளூர்ச் சாலையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அவன் அச்சாலையில் கலம் அறுத்தான் எனக் குறிக்கிறது. கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும், உண்கலத்தையும் குறிக்கும். முன்னதைக் கொண்டோர் சேரரின் கப்பற்படை அழிந்தது என்றனர். பின்னதைக் கொண்டோர், மாணவர் உண்டு உறைந்து கற்ற சாலையில் உணவு வழங்கும் முறையை மன்னன் மாற்றியமைத்தான் என்றனர். ஒரு சொல்லின் பொருள் மாறக் கடற்போர் ஒன்று தோன்றுகிறது அல்லது மறைகிறது! இச்சொல்லாராய்ச்சியில் இறங்கி ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள். குழந்தைப் பாடல்களால் மட்டும் அவரை அறிந்தோர் இதனையும் அறிதல் வேண்டும்.

அத்தகைய சாலை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருந்தது. முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 அளவில் கோயிலும், 95 மாணவர்க்குச் சாலையும் அமைத்ததைச் செப்பேடு கூறுகிறது. அங்குச் சேர விரும்புவோர் இலக்கணம் அறிந்திருத்தல் வேண்டும். அதனோடு மூன்று அரசுகளின் நடைமுறையும் அறிந்திருத்தல் வேண்டும். மொழியறிவும் நாட்டு நடப்பறிவும் ஒருவரிடமே அன்று எதிர்பார்க்கப்பட்டன. ஆயின் வேதம் ஓதுவார்க்கன்றிப் பிறர்க்கு அதன் கதவு திறக்கவில்லை. எச்சமயத்தார்க்கும் எக்குலத்தார்க்கும் கதவு திறந்துள்ள இக்காலக் கல்லூரிகள், அச்சாலை வேண்டிய இணைப்பறிவைக் கைவிட்டது முறையாகுமா?

நம் மாவட்டக் கல்லூரிகள் பல இணைவு பெற்றுள்ள பல்கலைக்கழகம் 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரால் தோன்றியது. சுந்தரம் பிள்ளை அவர்கள் தத்துவப் பேராசிரியர். 1891இல் நாடகக் காப்பியம் தந்த புலவர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றை ஆராய்ந்தவர். 1953இல் சுசீந்திரம் கோயிலைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கே.கே. பிள்ளை அவர்கள் ஆக்சுபோர்டு வரை சென்று பட்டம் பெற்ற வரலாற்றறிஞர். எனினும் தமிழ்ச் சான்றுகளின் மீதே தம் ஆய்வை நிறுவினார். இவர்கள் எவரும் துறைச்சுவர்களுக்குள் அடங்கியவர் அல்லர்.

அதே ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றையும் நவீன மொழிகளையும் இணைத்த இளங்கலைப் படிப்பு நான்காண்டு நடைபெறுகிறது. அதில் ஓராண்டை மாணவர் வெளிநாட்டில் கழிக்கின்றனர். நம் மாணவர்க்கு அவ்வளவு தொலைவு வேண்டா. களியக்காவிளையைக் கடந்தால் மலையாளம் வழங்கும் நாடு. திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகம் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளது. நம்மிடம் இல்லாதது வாய்ப்பன்று, பாடத்திட்டமே. வரலாற்று மாணவன் முதற்பகுதியில் தமிழ் படிக்கிறான். ஆனால் அவ்வகுப்பில் ஓர் ஓலையையும் அவன் காண்பதில்லை. தமிழ் மாணவன் தமிழக வரலாற்றைத் துணைப்பாடமாகப் படிக்கிறான். ஆனால் அவ்வரலாறு எந்தச் சான்றிலிருந்து எழுந்தது என்று அவன் வினவுவதில்லை.

‘இரண்டையும் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வியை எள்ளி நகையாட நம்மால் இயலாது. வறிய குடும்பத்து முதல் பட்டதாரிக்கு வேலையே விடுதலை. ஆசிரியப் பணிக்கு ஒரே பாடத்தில் பட்டம் கேட்கப்படுவதால், இணைப்பட்டம் பெற்றோர் இணைச்சான்று தேடி அலைய நேரும் என்பதும் மெய்யே. ஆதலின் முதலில் பட்டத்தின் பெயரை மாற்ற வேண்டுவதில்லை, உள்ளடக்கத்தை மாற்றுவோம். தமிழ், வரலாறு, அரபு ஆகிய துறைகள் கூடி ‘ஆவணம் படித்தல்’ என ஒரு விருப்பப்பாடம் அமைக்கலாம். வட்டெழுத்து, மலையாள எழுத்து, அரபுத்தமிழ் ஆகியவற்றுள் இரண்டையேனும் அதில் பயிற்றலாம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஓர் ஆவணத்தைப் படித்து, பெயர்த்தெழுதி, விளக்கம் தரலாம். இப்பயிற்சி பெற்றோர்க்குத் தொல்லியல், ஆவணக் காப்பகம், மொழிபெயர்ப்பு முதலிய துறைகளில் பயன் உண்டு. அங்குப் பணியிடங்கள் மிகுதி என்று பொய்யாசை காட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் அப்பணிக்குத் தகுதியுடையோர் அருகி வருகின்றனர் என்பதில் ஐயமில்லை.

மாணவச் செல்வங்களே, வரலாறு எடுத்தோர் ஒரு மொழியை ஆழ்ந்து கற்பீராக! மொழி எடுத்தோர் காலத்தைக் கணிக்கக் கற்பீராக! ஜமாஅத்துப் பெரியோர்களே, தங்கள் இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் உள்ள பழைய ஏடுகளைப் படிக்க இயலாமையால் கடலிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கல்லூரிக்குக் கொணர்ந்து காட்டுங்கள்; படியெடுத்துக்கொண்டு ஏட்டைத் திருப்பித் தந்துவிடுவோம்.

நம் வீட்டு ஏட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சிய பக்கங்களில், பேறுகாலத்துப் பெண்ணுக்கு எந்த மருந்தை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு மூதாட்டி அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் தின்னப்பட்ட பக்கத்தில் இருந்திருக்கக்கூடும். பத்தாண்டு முன்னரே அதனைப் படிக்க வல்ல ஒருவர் நம் குடும்பத்தில் இருந்திருந்தால் அப்பெயரையும் அறிந்திருப்போம்.