நோய்க்கு முன்னே நிற்கும் படிப்பு



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்ட பின்னர் எமக்கு வரும் கடிதங்கள், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே கவலையையே சுமந்து வருகின்றன. உயிரியற் பிரிவிலே இரவு பகலாகப் படித்த பிள்ளை, மருத்துவ பீடத்துக்குரிய இசட் புள்ளியைச் சிறிய இடைவெளியில் தவறவிட்டு விடுகின்றது. வேறொரு துறையிலே இடம் கிடைக்கின்றது. அதனை ஏற்பதா, மறுபடியும் பரீட்சை எழுதுவதா, கடல் கடந்து செல்வதா என்று வீடு முழுவதும் கலங்கி நிற்கின்றது.

இம்மாதம் மன்னார் மாவட்டத்திலிருந்து தாய் ஒருவர் எமக்கு எழுதியுள்ள கடிதமும் இத்தகையதே. ஆயின், இவருடைய கவலை அடுத்த படிக்குச் சென்றுவிட்டது. மகள் மிகிந்தலையிலுள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு என்னும் துறையிலே மூன்றாம் ஆண்டு கற்கின்றார். “பட்டம் பெற்ற பின் இவளை யார் என்று சொல்வது? டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை என்கிறார்கள் உறவினர்கள். லண்டனில் இருக்கும் என் அண்ணன், இதை விட்டுவிட்டு அங்கே வந்து முதியோர் பராமரிப்புப் படிக்கட்டும் என்கிறார். பிள்ளைக்கோ விட மனமில்லை. இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?” என்று அத்தாய் வினவுகின்றார்.

இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே, இப்படிப்பு யாது, இதனால் யாருக்கு என்ன பயன், இதனை நிறைவு செய்வது தகுமா என்பவற்றை நாம் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். நோய் வந்தவரைக் குணமாக்குவது மருத்துவம். குறிப்பிட்ட நோய் வராமல் தடுப்பூசி முதலியவற்றாற் காப்பது நோய்த்தடுப்பு. மக்கள் தமது நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளைத் தாமே அறிந்து, அவற்றைத் தம் கைவசப்படுத்தி, நலத்தை உயர்த்திக்கொள்ள வழிசெய்வதே சுகாதார மேம்பாடு. 1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடா நாட்டின் ஒட்டாவா நகரிலே கூடிய முதலாவது உலக மாநாடு வெளியிட்ட சாசனம் இதற்கு ஐந்து வழிகளை வகுத்தது. நலத்துக்கு உகந்த அரச கொள்கைகளை ஆக்குதல், துணைநிற்கும் சூழலை உருவாக்குதல், சமூகத்தின் கூட்டு முயற்சியை வலுப்படுத்துதல், தனிமனிதரின் திறன்களை வளர்த்தல், சுகாதார சேவைகளை இந்நோக்கத்துக்கேற்பத் திசைதிருப்புதல் என்பனவே அவை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1926-ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது, வைத்தியர் நோயாளியின் வரவுக்காகக் காத்திருந்த நிலை மாறி, சுகாதார ஊழியர் வீடு தேடிச் செல்லும் முறை வேரூன்றியது. இன்று கர்ப்பிணித் தாயின் வாசலுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும், கிணற்றையும் உணவகத்தையும் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அம்மரபின் வழிவந்தவர்களே.

மலேரியாவின் கதை இன்னும் தெளிவானது. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் பரவிய அக்கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. பின்னர் மேற்கொள்ளப்பட்ட பெருமுயற்சியினால், 1963-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர். இனி அச்சமில்லை என்று விழிப்புத் தளர்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1969-இல், நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் தாண்டிற்று! மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே, 2012-இல் உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் பதிவாகி, 2016-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மலேரியாவற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் நமக்கு வழங்கியது. தொடங்கிய பணியை இடைநடுவில் விட்டால் விளைவது யாது என்பதற்கு இதனினும் தக்க பாடம் வேண்டுமோ?

இன்று நம் வீடுகளை வாட்டுபவை வேறு நோய்கள். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், புற்றுநோய் ஆகிய தொற்றா நோய்களே நம் நாட்டு மரணங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணமாகின்றன. நம் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயே முன்நிற்கின்றது. வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்கும் அதற்கு முதன்மையான காரணங்கள் என்பதை யாரே அறியார்? அறிந்தும் விடுகின்றோமா? அறிவுரை ஒன்றே போதுமானதாயின், நம் ஊர்களில் ஒருவரேனும் வெற்றிலைக்குப் புகையிலை வைத்துக் கொண்டிருக்கமாட்டார்.

அறிவுரை எங்கே நின்றுவிடுகின்றதோ, அங்கேதான் இப்படிப்புத் தொடங்குகின்றது. இலங்கையில் சுகாதார மேம்பாட்டுக்கெனத் தனியாக இளமாணிப் பட்டத்தை முதலில் தொடங்கியது ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமாகும். நான்கு ஆண்டுகள் கற்றுப் பெறும் சிறப்புப் பட்டம் அது. இத்துறையில் உடலின் இயக்கம், உளவியல், சமூகவியல், நோய்ப்பரவலியல், புள்ளிவிபரவியல் முதலியன ஏட்டிற் கற்கப்படுவதோடு, கிராமங்களுக்குச் சென்று மக்களோடு வேலை செய்வதும் படிப்பின் இன்றியமையாத பகுதியாகின்றது.

அவ்வேலையின் போக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கிராமத்துச் சிறுவர் பலர் வயதுக்கேற்ற நிறையின்றி இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். பழைய முறையிலே அதிகாரி ஒருவர் வந்து, போசாக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செல்வார். தாய்மார் தலையசைப்பர். மறுநாள் எதுவும் மாறியிராது. சுகாதார மேம்பாட்டைக் கற்கும் மாணவியோ முதலில் பேசுவதில்லை, கேட்கின்றார். “நம் பிள்ளைகளின் நிறை கூடாததற்குக் காரணங்கள் எவையென நீங்கள் நினைக்கிறீர்கள்?” என்று தாய்மாரிடமே வினவுகின்றார். முன்பள்ளிக்குச் செல்லும் வழியில் வாங்கும் இனிப்பு, பசி எடுக்குமுன் ஊட்டப்படும் தேநீரும் விசுக்கோத்தும், தகப்பனின் மதுச் செலவு, வயலுக்குச் செல்லும் தாயின் நேரமின்மை எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அவற்றுள் தம்மால் மாற்றக்கூடிய ஒன்றைத் தாய்மாரே தேர்ந்தெடுக்கின்றனர். அரசு வழங்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலுள்ள நிறைக்கோட்டினைத் தாமே வாசிக்கப் பழகுகின்றனர். மாத முடிவிலே கோடு உயர்ந்ததா என்று தாமே பார்க்கின்றனர். உயராவிடில் வேறொரு காரணத்தைத் தேடுகின்றனர். மாணவி விடைபெற்றுச் சென்ற பின்னரும் அந்தப் பழக்கம் ஊரிலேயே தங்கிவிடுகின்றது. இதுவே இப்படிப்பின் சாரம்.

தனிமனிதர் முயற்சியால் மட்டும் ஆகாதவையும் உள. அங்கே சட்டமும் கொள்கையும் கைகொடுத்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் தொடர்பான சட்டமும், 2015-ஆம் ஆண்டு முதல் சிகரெட் பெட்டியின் 80 வீதமான பரப்பை மூடி நிற்கும் எச்சரிக்கைப் படங்களும், 2016-ஆம் ஆண்டு மென்பானங்களில் சீனியின் அளவை உணர்த்த இடப்பட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களும் அத்தகையவை. கடையிலே நிற்கும் சிறுவனும் நிறத்தைக் கண்டு தெரிவு செய்யலாம் அல்லவா?

மிகிந்தலையிற் கற்பதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. அம்மலையடிவாரத்திலே 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையொன்றின் இடிபாடுகள் இன்றும் காணக்கிடக்கின்றன. நோயாளியை மூலிகைச் சாற்றிற் கிடத்துவதற்காக, மனித உருவின் அமைப்பிலே குடையப்பட்ட கற்றொட்டி அங்கு உள்ளது. நோய் தீர்க்கும் கலையிலே அத்துணைப் பழைமை வாய்ந்த அதே வட மத்திய மாகாணத்தில்தான், 1990-களிலிருந்து காரணம் துலங்காத சிறுநீரக நோய் நெல் விவசாயிகளை வருத்தி வருகின்றது. நிலத்தடி நீரின் தன்மையா, விவசாய இரசாயனங்களா, கொளுத்தும் வெயிலில் நீர் அருந்தாது உழைப்பதா, இவை யாவும் சேர்ந்ததா என்று அறிஞர் இன்னும் ஆராய்கின்றனர். குருதி சுத்திகரிக்கும் இயந்திரம் உயிரை நீடிக்கும். நோயின் ஊற்றை அடைக்காது. வயலுக்குச் செல்பவர் ஒரு நாளில் எவ்வளவு நீர் அருந்துகின்றார், சுத்திகரித்த நீர் எத்தனை வீடுகளுக்கு எட்டுகின்றது, அதனை வாங்க இயலாதவர் யார் என்னும் கேள்விகளை எழுப்புவோரும் வேண்டும். அத்தகையோரை உருவாக்கும் துறை அம்மண்ணிலேயே அமைந்திருப்பது பொருத்தமே.

இனி, அத்தாயின் கேள்விக்கு நேராக வருவோம். மறைப்பதற்கு எதுவுமில்லை. இப்பட்டம் பெற்றவர் மருத்துவர் அல்லர். மருந்து எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. மருத்துவருக்கும் தாதிக்கும் உள்ளதுபோல, பட்டத்தின் பெயரிலேயே அடையாளம் காணத்தக்க பதவியும் இவருக்காக எல்லா ஊரிலும் காத்திருப்பதில்லை. சுகாதாரத் திட்டங்கள், அரசசார்பற்ற நிறுவனங்கள், ஆராய்ச்சி, கற்பித்தல் எனப் பல திசைகளிலே தேடிச் செல்லவேண்டும். முதல் வேலை தாமதித்துக் கிடைக்கலாம். இவற்றையெல்லாம் பிள்ளையும் பெற்றோரும் அறிந்தே இருத்தல் நன்று.

ஆயினும், பட்டத்தை நிறைவு செய்யட்டும் என்பதே எமது உறுதியான எண்ணம். இதற்கு மூன்று காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது, இரண்டரை ஆண்டு கற்றுவிட்டு வெளியேறும் பிள்ளையின் கையிலே பட்டம் இராது. பட்டம் இருப்பின் முதுமாணிப் படிப்புக்கும், பட்டதாரிகளுக்குரிய போட்டிப் பரீட்சைகளுக்கும், வெளிநாட்டு உயர்கல்விக்கும் விண்ணப்பிக்க வழி திறக்கும. மாமா காட்டும் லண்டன் வழி ஒன்றரை ஆண்டின் பின்னரும் அடைபட்டுவிடப் போவதில்லை. அப்போது செல்வதாயினும் பட்டதாரியாகவே செல்லலாம். அண்ணன் அன்பினாலேயே அழைக்கின்றார் என்பதில் ஐயமில்லை. அவருக்கு இதனை மரியாதையுடன் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இறுதி ஆண்டிலேதான் இத்தகைய கல்வி முதிர்கின்றது. ஒரு கேள்வியைத் தானே எழுப்பி, தரவுகளைத் திரட்டி, ஆய்வேடு ஒன்றை எழுதி முடிக்கும் பயிற்சியே பட்டதாரியை ஆக்குகின்றது. அதற்கு முன் விலகுவது, நாற்று நட்டுக் களையெடுத்துவிட்டு அறுவடைக்கு முன்பே வயலைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பிள்ளைக்கு மனம் இருக்கின்றது. இதுவே தலையாயது. மருத்துவ பீடத்தை இழந்த துயரைத் தாண்டி, தான் கற்பதிலே பொருள் கண்டுவிட்ட பிள்ளையை, ஊராரின் ஒரு சொல்லுக்காக இடையில் அழைப்பது நீதியாகுமா? “உங்கள் மகள் என்ன படிக்கிறாள்?” என்று கேட்போருக்கு, “ஊரிலே நோய் வராதிருக்க ஊரவரோடு சேர்ந்து உழைக்கும் கல்வி படிக்கிறாள்” என்று நிமிர்ந்து கூறுங்கள். தாய் தயங்கிக் கூறினால், கேட்பவர் தாழ்வாகவே எண்ணுவர்.

அம்மகளுக்கும் ஒரு வார்த்தை. நீர் ஆங்கில மொழியிலே கற்கின்றீர். ஆயின், உமது பணி கற்பிட்டியிலோ, மன்னாரிலோ, முல்லைத்தீவிலோ தமிழ் பேசும் தாய்மாரிடையே அமையலாம். 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். பிறநாட்டவர் ஒருவர் அத்துணை முயன்றிருக்க, நம் பிள்ளைகள் தாம் கற்ற ஒவ்வொரு கருத்தையும் பாட்டிக்கும் விளங்கும் தமிழிலே சொல்லிப் பார்த்தல் ஆகாதா? விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது அம்மாவிடமிருந்தே தொடங்கும். வீட்டுச் சீனிப் போத்தல் மாதம் எத்தனை முறை நிரப்பப்படுகின்றது என்று அம்மாவையே எண்ணிப் பார்க்கச் சொல்லும். நீர் திட்டித் திருத்தவேண்டாம், எண்ணிக்கையே பேசும்.

ஏனைய பெற்றோருக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலிலே மருத்துவத்தின் கீழுள்ள துறைகளையெல்லாம் தோல்வியின் பட்டியலாக வாசியாதீர்கள். விண்ணப்பிக்குமுன் அத்துறையில் என்ன கற்பிக்கப்படுகின்றது, எந்த மொழியில், எத்தனை ஆண்டு, கற்றவர் எங்கே பணியாற்றுகின்றனர் என்பவற்றை, ஏற்கெனவே அங்கு கற்கும் ஒரு மாணவரிடம் கேட்டறியுங்கள். ஏற்றுக்கொண்ட பின் பிள்ளைக்குத் துணைநில்லுங்கள். விடுதிச் செலவைப் போலவே, “நீ படிப்பது நல்ல படிப்பு” என்னும் சொல்லும் மாதந்தோறும் அப்பிள்ளைக்கு அனுப்பப்பட வேண்டியதே.

மன்னார்த் தாயே, இன்னும் ஒன்றரை ஆண்டு. மகள் முடிக்கட்டும்.