உறுப்பினர் கையிற் கழகம்: ஜேர்மனிய உதைபந்தாட்டம் உணர்த்துவது

விளையாட்டுச் செய்திகளை நாடோறும் படிக்கும் நம்மவரிற் பலர் இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களை வரிசையாகச் சொல்ல வல்லர். ஜேர்மனியின் முதற்றரச் சுற்றுப்போட்டியாகிய புண்டஸ்லீகாவைப் பற்றி அத்துணை பேச்சு எழுவதில்லை. ஆயினும், ஒரு கழகம் யாருக்கு உரியது என்னும் வினாவை எழுப்புவோமாயின், முதலில் ஆராயத்தக்கது இச்சுற்றுப்போட்டியே என்பது எமது கருத்து.

மேற்கு ஜேர்மனியில் 1963க்கு முன்னர் நாடளாவிய ஒரே தொடர் இருக்கவில்லை. ஐந்து பிராந்தியங்களிலே தனித்தனியாக ஆடி முன்னணியில் நின்ற கழகங்கள், பருவ முடிவில் தம்முள் மோதித் தேசிய வாகையைத் தீர்மானித்தன. 1962இல் சிலி நாட்டில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியின் காலிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோல்வியுற்றதும், சீர்திருத்தம் வேண்டுமென்ற குரல் வலுத்தது. அவ்வாண்டு யூலை 28ஆந் திகதி டோட்முண்ட் நகரிற் கூடிய பிரதிநிதிகள் தேசியத் தொடரை நிறுவத் தீர்மானித்தனர். 1963 ஓகஸ்ட் 24இல் 16 கழகங்களுடன் ஆட்டம் தொடங்கிற்று. முதல் வாகையைச் சூடியது கொலோன் நகர்க் கழகமாகும்.

இன்று பங்குபற்றுவன 18 கழகங்கள். ஒவ்வொன்றும் ஏனைய பதினேழையும் தன் திடலில் ஒருமுறையும் எதிரணியின் திடலில் ஒருமுறையும் சந்திப்பதால், கழகமொன்றுக்கு 34 ஆட்டங்கள் அமைகின்றன. இறுதி இரண்டு இடங்களைப் பெறுவன இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். 16ஆம் இடத்தது, இரண்டாம் பிரிவில் மூன்றாவதாக வந்த கழகத்துடன் இரு ஆட்டங்கள் ஆடித் தன் இடத்தைக் காத்துக்கொள்ளல் வேண்டும். பழம்பெருமை இங்கு எவர்க்கும் அரணாவதில்லை. 1963 முதல் ஒரு பருவமேனும் தவறாது ஆடிவந்த ஹம்பேர்க் கழகம் 2018இல் இறங்கியது. மீண்டும் மேலேற 2025 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தொடரின் தனிச்சிறப்பு உரிமையாண்மையிலேயே தங்கியுள்ளது. ஜேர்மனியக் கழகங்கள் நெடுங்காலமாக உறுப்பினர் சங்கங்களாகவே இயங்கின. 1998இல், தொழில்முறை ஆட்டப் பிரிவைக் கம்பனியாக மாற்ற அனுமதி வழங்கப்பட்டபோது ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அக்கம்பனியின் வாக்குரிமையிற் பாதியும் அதற்குமேல் ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என்பதே அது. முதலீட்டாளர் பணம் இடலாம்; கடிவாளம் உறுப்பினர் கையில் நிற்கும்.

இவ்வேற்பாடு வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. டோட்முண்ட் அரங்கின் தென்புறத்திலே ஏறக்குறைய 25,000 பேர் நின்றவாறு ஆட்டம் பார்க்க இன்றும் இடமுண்டு. 2023 டிசெம்பரில், ஒளிபரப்பு வருவாயின் ஒரு பங்கை இருபது ஆண்டுகளுக்கு வெளி முதலீட்டாளரிடம் ஒப்படைக்கும் திட்டத்துக்கு, இரு பிரிவுகளையுஞ் சேர்ந்த 36 கழகங்களில் 24 ஆதரவளித்தன. இரசிகர் கொதித்தெழுந்து, ரெனிஸ் பந்துகளைத் திடலில் எறிந்து, ஆட்டங்களை வாரந்தோறும் தடைப்படுத்தினர். 2024 பெப்ரவரி 21இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆட்டத்தை இடைநிறுத்துவது நற்பழக்கமென்று நாம் சொல்லோம். எனினும், தம் குரலுக்கு மதிப்புண்டு என்று நம்பும் மக்களே இவ்வாறு குரலெழுப்புவர் என்பதை மறுத்தல் இயலாது.

எதிர்வாதங்களையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். பயேர்ன் மியூனிக் கழகம் 2013 முதல் 2023 வரை தொடர்ச்சியாகப் பதினொரு முறை வாகை சூடிற்று. போட்டியின் சுவை குன்றியது மெய்யே. அத்தொடரை 2024இல், 34 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோலாது முறியடித்த லெவர்கூசனோ, ஒரு மருந்துக் கம்பனியின் தொழிலாளர் சங்கமாக 1904இற் பிறந்து, இவ்விதியினின்று விலக்குப் பெற்ற கழகம். லைப்சிக் கழகமோ, வாக்குரிமையுள்ள உறுப்பினரை மிகச் சிலராக வைத்துக்கொண்டு, விதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைப் போக்கியது என்னும் குற்றச்சாட்டுக்கு இலக்காயிற்று. செல்வர்களுக்குக் கதவு திறந்த இங்கிலாந்தின் தொடர், ஒளிபரப்பு வருவாயிற் புண்டஸ்லீகாவைப் பெரிதும் விஞ்சி நிற்கிறது.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும், சமபலத்தை அளிப்பதாக இவ்விதி ஒருபோதும் வாக்களித்ததில்லை. பயேர்ன் கழகத்தின் முக்காற்பங்கும் அதன் உறுப்பினருக்கே உரியது. ஆகவே, வலியோர்க்கும் மெலியோர்க்கும் இடையேயுள்ள பிளவைக் குறைக்க விரும்புவோர், வருவாய்ப் பங்கீட்டைச் சீர்செய்ய முற்படுதல் தகும். அதன்பொருட்டு உறுப்பினரின் வாக்கைப் பறித்தல், கூரை ஒழுகுகிறதென்று வீட்டையே விற்பதற்கு ஒப்பாகும். செல்வரொருவர் சலிப்புற்று விலகின் அவர் பணமும் உடன் விலகும். தந்தையும் மகனும் பேரனுமாக வந்து நிற்போரோ தோல்வியிலும் விலகார்.

இம்மலரைப் படிப்போர் யாவரும் ஏதேனும் ஒரு சங்கத்தின் உறுப்பினரே. சந்தா செலுத்துவதோடு கடமை முடிந்ததென்று எண்ணி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வாராதிருப்போர் நம்மிடையே எத்தனை பேர்! ஜேர்மனிய இரசிகரின் வாக்கு வலிமையுற்றது விதியினால் மட்டுமன்று. அவர் கூட்டத்துக்குச் சென்று கணக்குக் கேட்டு, வேண்டியவிடத்துக் கைதூக்குவதனாலேயாம். உரிமையைப் பயன்படுத்துவோரிடமே அது நிலைக்கும் என்பது எமது துணிபு.