நிகுஸ்தான்: செம்புச் சுருளுக்கு ஜெபம் கேட்பவர்களுக்கு

தியானப் பகுதி: எண்ணாகமம் 21:4–9, 2 இராஜாக்கள் 18:1–8



உங்களில் சிலருடைய வீடுகளில் இப்போது ஒரு புதிய பொருள் இடம்பிடித்திருக்கிறது. விரல் நீள ஸ்படிகக் கல் ஒன்றை எடுத்து, அதன்மேல் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாக நெருக்கி முறுக்கி, கூம்பு அச்சிலோ காகிதக் குவளையிலோ நிறுத்தி, லேத் பட்டறையில் கிடைக்கும் உலோகச் சீவலைத் தூவி, ரெசினை ஊற்றி இறுகவிடுகிறார்கள். மறுநாள் கழற்றினால் பளபளப்பான கூம்பு ஒன்று கையில் நிற்கும். இதற்கு 'ஆர்கோன்' கருவி என்று பெயர். (வெல்டிங் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அறிந்த ஆர்கான் வாயு வேறு. அது உண்மையாகவே இருக்கிறது.)

இந்தக் கூம்பு கைப்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சை விழுங்கும் என்கிறார்கள். கெட்ட சக்தியை நல்ல சக்தியாக மாற்றும், தூக்கம் வரும், சர்க்கரை இறங்கும், ஏரியில் எறிந்தால் தண்ணீர் சுத்தமாகும் என்றும் சொல்கிறார்கள். அண்மையில் அதன் உள்ளே சிறு சிலுவை ஒன்றையும் வைத்து வார்த்து, "ஐயா, ஜெபம்பண்ணிக் கொடுங்கள்" என்று ஆலயத்துக்கே கொண்டுவந்தார்கள். நான் மறுத்தேன். அதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்று அறிகிறேன். ஆகவே மறுப்பின் காரணத்தை இந்த வாரம் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1897இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த வில்ஹெல்ம் ரைக் என்பவர் வியன்னாவில் பிராய்டின் மாணவராக விளங்கிய மனநல மருத்துவர். மனிதனின் பாலியல் ஆற்றலைப் பற்றிய தம் கோட்பாட்டை வளர்த்துக்கொண்டே போய், அண்டம் முழுவதும் நிறைந்த ஓர் உயிர்ச்சக்தி உண்டென்று முடிவுகட்டி, அதற்கு 'ஆர்கோன்' என்று பெயரிட்டார். சிலுவையை உள்ளே வைத்து வார்க்கிறவர்கள் இந்த வேரையும் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. 1939இல் அமெரிக்காவுக்குப் போனார். மரமும் உலோகமும் அடுக்கிய பெட்டிகள் செய்து, அவற்றுள் மனிதர் உட்கார்ந்தால் அந்தச் சக்தி சேரும் என்றார். 1941 ஜனவரியில் ஐன்ஸ்டைனையே சந்தித்துத் தம் பெட்டியைக் காட்டினார். பெட்டியின்மேல் சிறிது வெப்பம் கூடுதலாக இருப்பதை ஐன்ஸ்டைனும் கண்டார்; ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மேசைப் பலகைக்கு மேலும் கீழும் காற்றின் வெப்பம் இயல்பாகவே வேறுபடும், அந்த வேறுபாடே இது என்று ஆராய்ந்து அறிந்து எழுதி அனுப்பிவிட்டார். ரைக் ஏற்கவில்லை.

1954இல் அமெரிக்க நீதிமன்றம் அந்தப் பெட்டிகளை மாநிலம் கடந்து அனுப்பக்கூடாதென்று தடைவிதித்தது. தடை மீறப்பட்டதால் 1956இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1957 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருடைய புத்தகங்களை அரசு அதிகாரிகள் எரித்தார்கள். அதை நான் சரியென்று சொல்லமாட்டேன். அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்தார் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்களே என்பீர்கள். அவர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். பிறருடைய புத்தகத்தை அதிகாரத்தால் எரிப்பது வேறு காரியம்.

ரைக் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1990களில், கார்ல் வெல்ஸ் என்பவர் உலோகத் துகளை ரெசினில் கலந்து வார்த்து அதற்கு 'ஆர்கோனைட்' என்று பெயர்வைத்தார். அதற்குள் ஸ்படிகக் கல்லும் செம்புச் சுருளும் பின்னால் வந்து சேர்ந்தன. ஆக, ரைக்கே அறியாத ஒரு பொருளை ரைக்கின் பெயரால் விற்கிறார்கள்.

இனி அந்தச் சுருளுக்கு வருவோம். சுருளைப் பற்றித் தென்னேரிக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. போர் மோட்டாரில் காயில் எரிந்துபோனால் வாலாஜாபாத்துக்கு எடுத்துச்சென்று காயில் கட்டக் கொடுக்கிறோம். கடைக்காரர் எத்தனை சுற்று, எந்தப் பருமன் கம்பி என்று எண்ணிக் கட்டுகிறார். அப்படி ஒழுங்காகக் கட்டிய மோட்டாரும் மின்சாரம் வராத நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை இறைத்ததுண்டா? மும்முனை மின்சாரத்துக்காக நள்ளிரவில் விழித்திருக்கும் நீங்களா, மின்சாரமே செல்லாத சுருள் ஒன்று அலமாரியில் நின்றபடி அண்டசராசரத்தின் சக்தியை இறைக்கும் என்று நம்புகிறீர்கள்?

சுருளின் இரகசியத்தை உலகுக்குக் கண்டுசொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லனின் மகன்; லண்டனில் சாண்டமானியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையில் மூப்பராயிருந்து பிரசங்கித்தவர். 1831 ஆகஸ்ட் 29 அன்று அவர் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு செம்புச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்கலத்தை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே மற்றதில் முள் அசைந்தது. மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது முள் அசையவில்லை. மாற்றம் நிகழாத இடத்தில் சுருள் எதையும் பிறப்பிக்காது என்பதே அன்று அவர் கண்டது. இன்று நம் வீட்டு விளக்கு எரிவது அந்தக் கண்டுபிடிப்பினால்தான்.

அதே ஃபாரடே 1853இல் வேறொரு காரியமும் செய்தார். அப்போது இங்கிலாந்தில் பலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் மேசை தானாக நகர்கிறது, அது ஆவிகளின் வேலை அல்லது மின்சக்தி என்று பரபரப்பாகப் பேசினார்கள். அவர் அட்டைகளை இளகிய பசையால் அடுக்கி, மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வைத்தார். மேல் அட்டைதான் முதலில் நகர்ந்திருந்தது. மேசை கையை இழுக்கவில்லை. உட்கார்ந்தவர்களின் கையே அவர்கள் அறியாமல் மேசையைத் தள்ளியது. அவர்கள் பொய்யர்கள் அல்லர். தங்கள் கையே தங்களை ஏமாற்றியதை அறியாதவர்கள். "கூம்பைக் கையில் பிடித்தால் கூசுகிறது ஐயா" என்று என்னிடம் சொன்னவர்களை நான் பொய்யர் என்று சொல்லாததும் அதனால்தான்.

ஸ்படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகும் என்பது உண்மையே. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது. ரெசின் இறுகும்போது கல்லை அழுத்துகிறது, ஆகவே கல் சக்தி கொடுக்கிறது என்று இதை வைத்துக் கதை கட்டுகிறார்கள். ஒருமுறை அழுத்தி அப்படியே விட்டால் தொடர்ந்து எதுவும் வருவதில்லை. உங்கள் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் ஸ்படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடுகிறதே! கதிர்வீச்சை விழுங்குகிறது என்பதைச் சோதிக்கவோ அறிவியல் பட்டம் வேண்டாம். கூம்பின் பக்கத்திலேயே கைப்பேசியை வைத்து, அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால், அலை விழுங்கப்படவில்லை என்று அர்த்தம்.

காஞ்சிபுரத்துப் பட்டு அறிந்த ஊர் இது. ஜரிகையும் சுற்றிய கம்பிதான்: பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசுகிறார்கள். மகளுக்குக் கலியாணப் புடவை எடுக்கும் தாய் ஜரிகையை உரசிப் பார்க்கிறாள். செம்பு தெரிந்தால் எழுந்து வந்துவிடுகிறாள். புடவைக்கு உள்ள அந்த விழிப்பு ஆத்துமாவுக்கு வேண்டாமா? எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது ஆவிக்குரிய காரியங்களைக் குறித்துத்தான்.

"இருக்கட்டும் ஐயா, அதனால் கெடுதல் என்ன?" என்று கேட்கிறீர்கள். கெடுதல் உண்டு. நெதர்லாந்தின் அணுப்பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில், கைப்பேசி அலையிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பதக்கம், கைவளையம் முதலான பத்துப் பொருள்களைச் சோதித்து, அவையே கதிரியக்கம் உள்ளவை என்று கண்டு, அணியவேண்டாமென எச்சரித்தது. அவற்றில் ஒன்று பிள்ளைகள் அணியும் வளையம். வீட்டில் வார்க்கும் கூம்பில் அந்த ஆபத்து இல்லாமலிருக்கலாம். ஆனால் ரெசினின் ஆவியையும் உலோகத் தூளையும் பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே சுவாசிக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய கெடுதலும் நடந்திருக்கிறது. நம் சபையிலேயே ஒரு வீட்டில், கூம்பை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கால் விரலில் புண் கண்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கமே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து இலவசமாய்க் கொடுக்கிறது. அந்த மாத்திரை அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்க, நூறு நாள் வேலையில் மண் சுமந்த கூலி கூம்புக்குப் போயிருக்கிறது. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில், ஜனங்களுடைய கைகளுக்குத் 'தழுவணை' தைத்துக் கொடுத்த ஸ்திரீகளைக் கர்த்தர் கண்டிக்கிறார். நம் மொழிபெயர்ப்பில் தலையணைபோல் தோன்றினாலும், அது கையில் கட்டும் மந்திரக் கட்டு என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அவர்கள் வாங்கிய கூலி சில பிடி வாற்கோதுமையும் சில அப்பத்துண்டும். அதற்காக ஆத்துமாக்களை வேட்டையாடினார்கள் என்பதே அங்குள்ள குற்றச்சாட்டு.

2020 அக்டோபரில், கைப்பேசிக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று பசுஞ்சாணத்தால் ஆன சில்லு ஒன்றை மத்திய அரசின் காமதேனு ஆயோக் தலைவர் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள். அந்நாளில் நம்மவர் எப்படிச் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இன்று அதே வாக்குறுதியைச் செம்பிலும் ரெசினிலும் வாங்கி, உள்ளே சிலுவை இருப்பதால் இது விசுவாசம் என்கிறார்கள்.

ஆரோனுடைய மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் இருந்தனவே என்று ஒரு சகோதரர் யாத்திராகமம் 28ஐக் காட்டினார். நல்ல கேள்வி. அந்தக் கற்களில் இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஆசாரியன் தேவசந்நிதிக்குள் போகும்போது தன் ஜனத்தை மார்பில் சுமந்து சென்றான். கல்லிலிருந்து சக்தி புறப்பட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

வெண்கலச் சர்ப்பத்தைக் காட்டுகிறவர்களுக்கு அதே சர்ப்பத்தையே பதிலாகத் தருகிறேன். மோசே அதைச் செய்தது தேவனுடைய கட்டளையினால். அதை நோக்கிப் பார்த்தவர்கள் மெய்யாகவே பிழைத்தார்கள். ஆண்டவராகிய இயேசுவே யோவான் 3இல் தம் சிலுவைக்கு அதை அடையாளமாக எடுத்துச் சொன்னார். (தென் இஸ்ரவேலில் திம்னா என்னுமிடத்துப் பழைய செம்புச் சுரங்கத்தருகே, பொன்முலாம் பூசிய தலையுடைய ஒரு சிறு செம்புச் சர்ப்பத்தை 1969இல் அகழ்ந்தெடுத்தார்கள். அது மோசேயின் சர்ப்பமன்று. ஆனால் அத்தேசத்தார் செம்பைச் சர்ப்பமாக்கி வழிபட்ட வழக்கத்துக்குச் சாட்சி.) பல நூறு ஆண்டுகள் கழித்து ஜனங்கள் மோசேயின் சர்ப்பத்துக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா என்ன செய்தான்? இது மோசேயின் கையால் ஆனது, பழம்பொருள், கெடுதல் இல்லாதது என்று விட்டுவைத்தானா? உடைத்துப்போட்டு, அதற்கு நிகுஸ்தான் என்று பேரிட்டான். எபிரெயத்தில் செம்புக்கும் வெண்கலத்துக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், 'செம்புத் துண்டு'.

தேவன் கட்டளையிட்ட செம்புக்கே அந்த முடிவென்றால், யாரோ கட்டிய கதையை நம்பி முறுக்கிய செம்புக்கு நான் எந்த நாமத்தைச் சொல்லி ஜெபிப்பேன்? சிலுவையை உள்ளே வைத்தது எனக்கு இன்னும் கூடுதல் துக்கம். கிறிஸ்து மரித்த சிலுவையை, ரெசினுக்குள் உலோகச் சீவலோடு ஒரு கூட்டுப்பொருளாகச் சேர்த்துவிட்டீர்கள். அப்போஸ்தலர் 8இல் மாயவித்தைக்காரன் சீமோன் பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். பேதுரு அவனிடம் நயமாகப் பேசவில்லை.

ஏரியில் எறிந்தால் தண்ணீர் சுத்தமாகும் என்பதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நம் ஏரியைக் காப்பாற்றிவந்தவை கரையும் மதகும் கலங்கலும், தூர்வாரிய மனிதரின் முதுகும். கூம்பு தூர்வாராது.

மாத்திரையை நிறுத்தியிருக்கிறவர்கள் வேறு யாரேனும் இருந்தால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் தனியே சொல்லுங்கள். யாருடைய பெயரும் வெளியே போகாது. திங்கட்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உங்களோடு நானும் வருகிறேன். வெறும் வயிற்றோடு வாருங்கள், இரத்தம் சோதிக்க வேண்டியிருக்கும். கூம்பை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: எரிக்காதீர்கள், நச்சுப்புகை வரும், ஏரியிலும் போடாதீர்கள். இன்னும் வார்க்காத செம்புக் கம்பி மீதமிருந்தால், காயில் கட்டும் கடையில் கேட்டுப் பாருங்கள், எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.