நடை நல்கும் நலம்

முதுமை வருவதை நரையும் திரையும் வெளிப்படையாக அறிவிக்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத முதுமை ஒன்றும் உண்டு. அது குருதிக் குழாய்களின் முதுமை. இளமையில் தமனிகள், இதயம் துடிக்குந்தோறும் விரிந்து, பின்னர்த் தம் நிலைக்கு மீள்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் சுவர்கள் நெகிழ்ச்சி குன்றி விறைக்கின்றன. அதனால் குருதியின் அழுத்தம் மிகுகிறது. இதயத்தின் சுமையும் பெருகுகிறது. இம்முதுமையை முற்றும் விலக்க இயலாது. எனினும், நாள்தோறும் உடலை இயக்குவோர் அதன் விரைவைத் தணிக்கலாம்.

இது நிகழும் முறை வியப்புக்குரியது. விரைந்து நடக்குங்கால் குருதியும் விரைந்து ஓடுகிறது. அவ்வோட்டத்தின் உராய்வால் குழாயின் உட்படலம் தூண்டப்பெற்று, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியை வெளியிடுகிறது. அவ்வளி சுவரிலுள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. இவ்வுண்மையைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவர் 1998-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நாளும் நடப்பவர் உடலில் இவ்வாற்றல் நெடுங்காலம் நிலைக்கிறது. அமர்ந்தே காலம் கழிப்பவர் உடலில் விரைந்து குன்றுகிறது.

இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1953-இல் தம் முடிபை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநருக்கு இதயத் தமனி நோய் குறைவாகவே இருந்தது. பொலிவியா நாட்டுக் காடுகளில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களைப் பற்றிய ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. அவர்களுள் எண்பது வயதினரின் இதயத் தமனிகள், ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய அமெரிக்கரின் தமனிகளை ஒத்திருந்தன. எளிய உணவும், நாள்தோறும் பல மணி நேர உழைப்பும் இதற்குக் காரணங்கள் என அறிஞர் கருதினர்.

உழைப்போடு இயைந்த இத்தகைய வாழ்வு தமிழகத்திற்குப் புதியதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைமீது வெள்ளிமலை என்னும் ஊர் உள்ளது. அம்மலைவாழ் மக்கள் சரிவுகளில் சாமையும் தினையும் விளைவித்தனர்; வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே சென்றனர். உடற்பயிற்சி என்ற பெயரின்றியே அவர்தம் வாழ்வில் பயிற்சி அமைந்திருந்தது. இன்று சாலையும் ஊர்திகளும் மலையேறிவிட்டன. இம்மாற்றத்தைக் குறைகூறுதல் தகாது. நோயுற்றோரையும் மகப்பேற்றுக்குரிய மகளிரையும் மருத்துவமனையில் விரைந்து சேர்க்கச் சாலை இன்றியமையாதது. ஆயினும், ஊர்தி வந்ததென்று கால்களுக்கு ஓய்வளித்தல் அறிவுடைமை ஆகாது. அவசரத்திற்கு ஊர்தியும் அண்மைக்கு நடையும் என வகுத்துக்கொள்ளுதலே நன்று. மலையூருக்குப் பொருந்தும் இந்நெறி, சமவெளி நகரங்களுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

பெரியவர்கள் வாரந்தோறும் நூற்றைம்பது நிமிடமேனும் விரைநடை போன்ற பயிற்சி செய்தல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது; சிறுவர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறது. முதுமையில் கொள்ளத்தக்க மருந்தென்று இதனை மாணவர் ஒதுக்கிவிடலாகாது. தமனிச் சுவரில் கொழுப்புப் படியத் தொடங்குவது இளம்பருவத்திலேயே ஆகும். எனவே, பள்ளிக்கு நடந்து செல்லும் பழக்கமும் மாலையில் ஓடியாடும் பழக்கமும் இன்றே வேரூன்றுதல் வேண்டும். இளமையிற் பயின்ற நடை முதுமையிலும் துணை நிற்கும்.