‘எல்லாம் விதி’ன்னு சொல்லி நம்ம உரிமையை விட்டுடாதீங்க!



2021-ல தைப்பூசம் காவடி இல்லாம, கூட்டம் இல்லாம முடிஞ்சது. உயிர்தான் முக்கியம், அதனால ஏத்துக்கிட்டோம். ஆனா ஏத்துக்கக் கூடாத ஒன்னு நம்ம மத்தியில நடந்துக்கிட்டிருக்கு. தொண்டூழியர்கள் நாங்க அதை வெளிப்படையாப் பேசுறோம். சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை.

2020 மார்ச் 18-ல எம்.சி.ஓ. வந்தது. பாலமும் மூடியாச்சு. ஜாலான் உங்கு புவான்ல ராஜமாரியம்மன் ஆலயத்தைச் சுத்தி இருக்கிற பூக்கடை, சேலைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் சனி ஞாயிறு சிங்கப்பூர்ல இருந்து வர்ற கூட்டத்தையும் நம்பி நடந்தவை. 2021 ஜனவரி 13-ல ஜொகூருக்கு மறுபடியும் எம்.சி.ஓ. நம்ம அன்னதானத்துக்குக் கேட்காமலே அரிசி மூட்டை இறக்கினவங்க, அப்ப வாடகை கட்ட முடியாம நின்னாங்க.

இவங்கள்ல சிலர் வருஷக்கணக்கா தீக் காப்புறுதியோட சேர்த்து, வியாபாரம் நின்னா வருமான இழப்புக்குக் கொடுக்கிற காப்புறுதியும் எடுத்து வச்சிருக்காங்க. கேட்டா என்ன பதில்? ஏஜெண்டு போன்ல, “கோவிட்டுக்கு கிளைம் கிடையாது” அப்படின்னார். அவ்வளவுதான்! எழுத்துல ஒன்னும் இல்லை. எந்தப் பிரிவுப்படி இல்லைன்னும் சொல்லலை. நம்மாளுங்களும் “எல்லாம் விதி, ஆத்தா பார்த்துக்குவா”ன்னு பாலிசியை அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க.

ஆத்தா மேல பாரத்தைப் போடுறது பக்தி. ஏஜெண்டு வாய் வார்த்தையை அருள்வாக்கா எடுத்துக்கிறது பக்தி இல்லீங்க, சோம்பல்.

பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டோம். இந்த வகைக் காப்புறுதியில பெரும்பாலும் கட்டடமோ சரக்கோ சேதமானாத்தான் பணம். அது மட்டும்தான் உங்க பாலிசியில இருந்தா, கிடைக்கிறது கஷ்டம். ஆனா சில பாலிசிகள்ல கூடுதல் பிரிவுகள் இருக்கும்: தொற்றுநோய், அரசாங்க உத்தரவால கடை மூடுறது, கடைக்குள்ள போக முடியாத தடை. சிலதுல எந்தெந்த நோய்னு பட்டியலே இருக்கும். சிலதுல தொற்றுநோயே கிடையாதுன்னு விலக்கி இருக்கும். பின்னால குத்தி வச்சிருக்கிற இணைப்புத் தாளைப் படிக்காம இது யாருக்கும் தெரியாது. ஏஜெண்டுக்கும் தெரியாது.

இங்கிலாந்துல என்ன நடந்துச்சு பாருங்க. அங்கேயும் காப்புறுதிக் கம்பெனிங்க இதே மாதிரிதான் கை விரிச்சாங்க. கடைக்காரங்க தனித்தனியா அழுதுக்கிட்டு இருக்கலை. நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையமே முன்வந்து, எட்டுக் கம்பெனிகளை வச்சு, 21 மாதிரிப் பாலிசி வாசகங்களை எடுத்து, ஒரே சோதனை வழக்கா நடத்தியது. 2021 ஜனவரி 15-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முக்கியமான பல விஷயங்கள்ல கடைக்காரங்க பக்கம் ஜெயிச்சது. சுமார் 370,000 பாலிசிதாரர்களை அது பாதிக்கலாம்னு கணக்கு.

கம்பெனிகளோட வாதம் என்ன தெரியுமா? “உங்க கடையை மூடாம இருந்திருந்தாலும் நோய்க்குப் பயந்து யாரும் வந்திருக்க மாட்டாங்க, அதனால அந்த இழப்புக்கு நாங்க பொறுப்பில்லை.” நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. காப்புறுதி செஞ்ச ஆபத்தும் மத்த பாதிப்பும் ஒரே நோயில இருந்து வந்தவை, அதைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. கத்ரீனா புயல்ல அடிபட்ட நியூ ஆர்லியன்ஸ் ஹோட்டல் வழக்குல 2010-ல வந்த பழைய தீர்ப்பையும் தப்புன்னு தள்ளிடுச்சு. அந்தப் பழைய வழக்கை முடிவு பண்ணினவங்கள்ல ரெண்டு பேர்தான் இப்ப இந்தத் தீர்ப்பையே எழுதினவங்க!

ஜொகூர்ல நமக்கும் நாளைக்கு இதேதான் சொல்லுவாங்க: “கடை திறந்திருந்தாலும் பாலம் மூடியிருந்துச்சே, யார் வந்திருப்பா?” லண்டன் தீர்ப்பு நம்ம நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனா நம்ம வழக்கறிஞர் அதை எடுத்து வாதாடலாம். பாலமும் கடையும் மூடினது ஒரே நோயாலதானே?

“கோயில்ல எதுக்குக் காப்புறுதிப் பேச்சு?”ன்னு சில பெரியவங்க கேட்கிறாங்க. ஐயா, மளிகைப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துப் போட நமக்கு நேரம் இருக்கு. அந்தக் குடும்பம் நியாயமா வாங்க வேண்டிய பணத்தை வாங்க வழிகாட்ட நேரம் இல்லையா? ஒரு பொட்டலம் ஒரு வாரம் வரும். கிளைம் கிடைச்சா கடை நிக்கும், வேலை செய்யுற நாலு குடும்பமும் நிக்கும். ஒவ்வொரு ஆலய நிர்வாகமும் தன்னோட பக்தர்கள்ல இருக்கிற வழக்கறிஞர்களைக் கூப்பிட்டு ஒரு சட்ட உதவி மேசை போடணும். இது நம்ம கோரிக்கை.

இப்ப நீங்க செய்ய வேண்டியது:

1. முழு பாலிசியையும் இணைப்புத் தாள்களோட எடுங்க. இல்லைன்னா கம்பெனிகிட்ட எழுதிக் கேளுங்க.

2. இழப்பை உடனே எழுத்துல தெரிவிங்க. தாமதத்தையே காரணமா சொல்லி மறுக்கலாம்.

3. 2019, 2020 விற்பனைக் கணக்கு, பேங்க் அறிக்கை, வாடகை ரசீது எல்லாம் சேர்த்து வைங்க.

4. மறுத்தா, எந்தப் பிரிவுப்படின்னு கடிதம் கேளுங்க.

5. 2021-ல, இறுதி மறுப்புக் கடிதம் வந்து 6 மாசத்துக்குள்ள நிதிச் சேவை ஒம்புட்ஸ்மென் கிட்ட (ஓ.எஃப்.எஸ்.) புகார் கொடுக்க முடிஞ்சது. 60 நாள் பதிலே வரலைன்னாலும் போக முடிஞ்சது. சிறு வியாபாரிகளுக்கும் அந்த வழி இருந்துச்சு, 250,000 ரிங்கிட் வரைக்கும், கட்டணம் இல்லாம. அங்கே வந்த முடிவு பிடிக்கலைன்னா நீதிமன்றக் கதவு திறந்தே இருந்துச்சு.

இன்னொன்னு. “நான் கிளைம் வாங்கித் தர்றேன், முதல்ல ஆயிரம் கொடு”ன்னு வர்றவங்களை வாசல்லயே திருப்பி அனுப்புங்க. லைசன்ஸ் உள்ள வழக்கறிஞரைப் பாருங்க. வசதி இல்லாதவங்க ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துல கேட்டுப் பாருங்க.

படிக்கத் தெரியலைன்னு வெட்கப்படாதீங்க. பாலிசி ஆங்கிலத்துல பொடி எழுத்துல இருக்கும், வழக்கறிஞரே ரெண்டு தடவை படிக்கணும். எங்ககிட்ட கொண்டு வாங்க, உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். கிடைக்காதுன்னா கிடைக்காதுன்னு சொல்லிடுவோம். கிடைக்க வழி இருந்தா விடமாட்டோம்.

கட்டின பணம் உங்க வியர்வை. கேளுங்க. எழுத்துல கேளுங்க.

கடை வச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதைப் பகிருங்க. அம்மன் துணை.