தாமதமும் தகவலும்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இரயில் சில வேளைகளில் சிறு நிலையம் ஒன்றில் நெடுநேரம் நின்றுவிடும். ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. பயணிகளுள் சிலர் ஓட்டுநரைக் கடிந்துகொள்வர். சிலர், "இங்கு எல்லாம் இப்படித்தான்" என்று கண்களை மூடிக்கொள்வர். வண்டி ஏன் நின்றது என்பதை இவ்விரு சாராரும் அறியார். காத்திருக்கும் நேரத்தை விட, காரணம் அறியாமல் காத்திருப்பதே மனிதரைப் பெரிதும் வாட்டுகிறது.

ஒற்றை வழித்தடம்

திருப்பதி, பாகாலா, காட்பாடி ஆகிய ஊர்களை இணைக்கும் 104 கி.மீ. இருப்புப்பாதை நெடுங்காலமாக ஒற்றை வழித்தடமாகவே இருந்து வருகிறது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்றால்தான் மற்றொன்று கடந்து செல்ல முடியும். எதிரே வரும் வண்டி அரை மணி நேரம் தாமதித்தால், ஒதுங்கி நிற்கும் வண்டியும் அதற்காகக் காத்திருக்க நேரும். ஒரு வண்டியின் தாமதம் இவ்வாறு பல வண்டிகளைத் தொற்றிக்கொள்கிறது. ஓட்டுநரைக் கடிந்து பயனில்லை. இப்பாதையை இரட்டை வழித்தடமாக்க, ஏறத்தாழ 1,332 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

ஒப்புதல் கிடைத்த நாளிலேயே தண்டவாளம் முளைத்துவிடாது. அதுவரை பயணி செய்யத்தக்கது முன்னேற்பாடு. சித்தூரிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ செல்வோர் பலர் காட்பாடியில் வண்டி மாறுகின்றனர். இரண்டு வண்டிகளுக்கும் இடையே பத்து நிமிடம் மட்டும் விட்டுச் சீட்டு எடுத்தல் அறிவுடைமையன்று. குடிநீர், சிறிது உணவு, முதியோருக்குரிய மருந்து ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுதல் நன்று.

மழை வழிமறிக்கும்போது

எல்லாத் தாமதமும் ஒரு தன்மையினதன்று. 2021 நவம்பரில் பெய்த பெருமழையால் திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளக்காடாயின. திருமலைக்குச் செல்லும் சாலைகள் அடைக்கப்பட்டன. டிசம்பர் முதல் நாள் இரண்டாம் மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலை சேதமுற்றது. அத்தகைய வேளையில் பேருந்தை நிறுத்தி வைப்பது குறையாகாது, அதுவே காவலாகும். "எப்படியாவது விடுங்கள்" என்று ஓட்டுநரை நெருக்குவது, உடன் வருவோர் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

பொறுமையும் உரிமையும்

ஆயினும், பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. ஏன் தாமதம், எவ்வளவு நேரம் ஆகும், மாற்று வழி உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெறுதல் பயணியின் உரிமை. வண்டி தாமதிப்பதைப் பல சமயம் தவிர்க்க இயலாது. அதனை அறிவிக்காதிருப்பதை எப்போதும் தவிர்க்கலாம். இரயில் பயணிகள் 139 என்னும் எண்ணை அழைத்து வண்டியின் நிலையை அறியலாம். ஏறும் நிலையத்துக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருமாயின், முன்பதிவு செய்தோர் பயணத்தைக் கைவிட்டு முழுக்கட்டணத்தையும் திரும்பப் பெற விதி இடம் தருகிறது. வண்டி புறப்படுமுன் அதற்குரிய முறையில் விண்ணப்பித்தல் வேண்டும். இவ்விதியை அறியாதோர், பணத்தையும் இழந்து மனமும் நொந்து வீடு திரும்புகின்றனர்.

இரு மொழி அறிந்தோர் கடமை

திருப்பதிக்கு நாள்தோறும் வருவோருள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்த முதியோர் பலர். பேருந்து நிலையத்தில் தெலுங்கில் ஓர் அறிவிப்பு ஒலிக்கிறது. கூட்டம் எழுந்து வேறொரு நடைமேடைக்கு ஓடுகிறது. மூட்டையை அணைத்தபடி அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு மட்டும் ஒன்றும் விளங்குவதில்லை. அவருக்கு நேர்வது வெறும் தாமதமன்று. கூட்டத்தின் நடுவே தனித்துவிடப்பட்ட அச்சம்.

வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளரும் சித்தூர், திருப்பதி மாணவர்களால் அவ்வச்சத்தை ஒரு நொடியில் போக்க முடியும். "பாட்டி, வேலூர்ப் பேருந்து அந்தப் பக்கம் வருகிறதாம், என்னுடன் வாருங்கள்" என்னும் ஒரு சொல்லே போதும். தேர்வுக்காக மட்டும் கற்கும் மொழி தேர்வோடு முடிந்துவிடும். வழி தெரியாதவருக்கு வழி சொல்லும் மொழியே வாழும்.

பேருந்தை விரைவுபடுத்தவும் தண்டவாளம் அமைக்கவும் மாணவரால் இயலாது. ஆனால் சரியான தகவலைக் கேட்டறிந்து, அருகில் இருப்பவருக்கு அவர் மொழியில் சொல்ல இயலும். இரட்டை வழித்தடம் வரும் நாள் வரட்டும். இவ்வுதவிக்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை.