கரையேறியவரும் கரைகடந்தவர்களும்

கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் என்று திருப்பாதிரிப்புலியூரைத் தலமரபு போற்றுகிறது. இதே வங்கக்கடலில் கப்பலேறிப் போனவர்களில் கரை திரும்பாதவர்களுக்கு நம் நினைவில் இடமில்லை.

1838 முதல் 1917 வரை, பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சுமார் 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள் ஏறத்தாழ 15,000 பேர், தமிழரும் தெலுங்கரும். அவர்களது வழித்தோன்றல்களைப் பற்றி நாம் கேட்பது ஒன்றுதான்: தமிழ் தெரியுமா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. போஜ்புரி பேசிய பெரும்பான்மைக்கும் ஆங்கிலப் பள்ளிக்கும் இடையில் மொழி கரைந்துபோயிற்று. ஆனால் மாரியம்மன் வழிபாட்டில் தப்பு ஒலிக்கிறது, வேப்பிலை இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியவர் பெயர் வீராசாமி பெருமாள். வடக்கே நம்மை இளக்காரமாகச் சுட்டும் ‘மதராஸி’ என்ற சொல், அங்கே பலருக்குத் தன்னடையாளம்.

மொழியைத் தொலைத்தவர்கள் என்று இரங்குவதும், தொப்புள்கொடி உறவு என்று உரிமை கொண்டாடுவதும் வேறுவேறல்ல என்பேன். இரண்டிலும் நாமே அளவுகோல். அவர்கள் எதை இழந்தார்கள் என்பதைக் கணக்கிடுகிறோம். எதை ஆக்கினார்கள் என்று கேட்பதில்லை.

2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து ‘ஹென்ட்ரீஸ் க்யூர்’ என்ற ஆங்கில நாவலை எழுதியவர். விம் என்ற கிராமத்து மதராஸிகளின் வாழ்க்கை அது. அதைப் புலம்பெயர் தமிழிலக்கியப் பட்டியலில் சேர்க்க அவசரப்பட வேண்டாம். அது கயானாவின் நூல். அப்படியே வாசிப்போம், அந்த மக்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.